அதே வலை, அதே இடம், அதே மணி: ஏரிக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் கோடை

மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மொத்தம் 12 நாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நாள் போல இடைவெளி. வலை கட்டும் இடம் மாறக் கூடாது, வலையின் நீளம் மாறக் கூடாது, விரித்து வைக்கும் நேரமும் மாறக் கூடாது. பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவிடும் கோடைகாலத் திட்டம் ஒன்று பிரிட்டனில் 1983 முதல் நடக்கிறது; அதன் சட்டம் இவ்வளவுதான். பி.டி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பறவையியல் அறக்கட்டளை அதை நடத்துகிறது. பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், "அந்தப் பக்கம்தான் நிறையக் கத்துகிறது, வலையை அங்கே கட்டினால் என்ன?" என்று கேட்டேன். எனக்குக் கற்றுக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். "தாராளமாகக் கட்டலாம். கட்டிவிட்டு இந்த வருடக் கணக்கைக் குப்பையில் போட்டுவிடலாம்" என்றார்.

நாங்கள் வேலை செய்யும் ஏரி ரெடிங் நகருக்கு மேற்கே, கென்னட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சரளை தோண்டிய குழிகளில் நிலத்தடி நீர் ஊறி நிரம்பியதால் உண்டான ஏரிகள் அந்தப் பக்கம் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு மூலையில் நாணல் அடர்ந்த சதுப்பு, அதை ஒட்டி வில்லோ புதர்கள். மேயில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் நாணல் கதிர்க்குருவி அங்கேதான் கூடு கட்டும். நீர்நிலையைப் பார்த்தால் சாம்பல் நாரை, நாமக்கோழி, தாழைக்கோழி, சிறு மீன்கொத்தி என்று எல்லாம் ஊரில் பார்த்துப் பழகிய இனங்களே. அந்நியமாக இருப்பது புதருக்குள் கிடக்கும் பழுப்பு நிறச் சின்னஞ்சிறுசுகள்தான். வலையில் விழுபவையும் அவைதான்.

இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். வலையை விலைக்கு வாங்கக்கூட உரிமம் காட்ட வேண்டும். முதலில் பயிற்சி உரிமம். ஒரு பயிற்சியாளரின் கண்பார்வையில் நூற்றுக்கணக்கான பறவைகளைக் கையாண்ட பிறகுதான் அடுத்த படி. ஓரிரு ஆண்டு ஆகும். அவசரப்படுபவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் பத்து கிராம் எடையுள்ள ஓர் உயிரை விரலிடுக்கில் வைத்துக்கொள்ளப் போகிறவனுக்கு அந்தக் காலம் தேவை என்பதே என் கட்சி.

வேலையில் பாதி வலை விரிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நாணலுக்குள் வலைக்கான சந்து வெட்ட வேண்டும், அகலம் ஒன்றரை மீட்டர் போதும். ஏப்ரலில் இடுப்புயரம் நிற்கும் நாணல் ஜூலையில் தலைக்கு மேல் போய்விடுவதால் ஒவ்வொரு முறையும் ஓரங்களை அரிவாளால் சீவ வேண்டியிருக்கிறது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அதையும் தாண்டிச் சேறு உள்ளே வரும். சட்டையில் பொத்தான், கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் கூடாது, எல்லாம் வலையில் மாட்டும். என் மனைவி கட்டிவிட்ட சாமிக் கயிறுகூட அன்றைக்கு மட்டும் கழற்றி வைக்கப்படும்.

வலை கறுப்பு நிறச் செயற்கை நூலால் ஆனது. கண் ஒன்று 16 மில்லிமீட்டர். 6, 9, 12, 18 மீட்டர் என்று நீளங்கள் உண்டு. உயரம் இரண்டரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட. குறுக்கே ஓடும் தடித்த கயிறுகள் வலையை நான்கு தட்டுகளாகப் பிரிக்கின்றன. தட்டுகளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பறவை மோதித் தெறித்துவிடும். கொஞ்சம் தொய்வு விட்டால் மோதிய பறவை கீழே சரிந்து பையில் விழுந்ததுபோல் கிடக்கும். அந்தத் தொய்வு எவ்வளவு என்பதுதான் கைப்பழக்கம். நீரின் மேல் கட்டும்போது இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு மூன்று பறவைகள் ஒரே நேரத்தில் விழுந்து கீழ்த்தட்டு தாழ்ந்தாலும் தண்ணீரைத் தொடாத உயரத்தில் அது நிற்க வேண்டும். கம்பத்தைச் சேற்றில் ஊன்றி இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டிய பிறகு, என் ஆசிரியர் தன் கையை வலைக்குள் விட்டு அழுத்திப் பார்ப்பார். சரியில்லை என்றால் எதுவும் பேச மாட்டார், முடிச்சை அவிழ்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஜூனில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அதற்குள் வலை விரித்தாக வேண்டும் என்பதால் நாங்கள் வந்து சேர்வது இருட்டில். மழை பெய்தால் வலை விரிப்பதில்லை. பலத்த காற்று அடித்தாலும் இல்லை, ஆடும் வலை பறவைக்குத் தெரிந்துவிடும், சிக்கிய பறவையும் குளிரில் வாடும். மற்ற நாட்களில் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி. ஒரு சுற்றில் கிடைப்பது எல்லாம் பறவையே என்று நினைத்துவிட வேண்டாம். ஊசித்தட்டான், வண்டு, நாணல் சருகு என்று அத்தனையையும் விரலால் பொறுக்க வேண்டும். மண்ட்ஜாக் என்ற குட்டை மான் ஒன்று இந்தப் பக்கம் திரிகிறது. அது வலை இருப்பதைப் பார்க்காமல் ஊடே ஓடி, ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் போகும்.

வலையிலிருந்து பறவையை எடுப்பதை எழுத்தில் சொல்வது கடினம், ஆனாலும் முயல்கிறேன். முதல் கேள்வி, எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது? அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும். தட்டின் வாயை விரித்தால் நூல் சுற்றாத வயிற்றுப் பகுதி தெரியும். அங்கிருந்து தொடங்குவதுதான் வழி. பெரும்பாலும் கால்களை முதலில் விடுவிப்போம். பறவை நகத்தால் நூலைக் கவ்விக்கொண்டிருக்கும், காலை மெல்ல நீட்டினால் பிடி தளரும். அப்புறம் ஒரு இறக்கை, தலை, கடைசியாக மறு இறக்கை. கதிர்க்குருவிகள் அநேகமாகச் சாதுக்கள். நீலச் சிட்டுதான் படுத்தும். கையிலிருந்து எடுக்கும் நூலை அலகால் மறுபடி இழுத்துச் சுற்றிக்கொள்ளும், நடுவே நகக்கண்ணைப் பார்த்துக் கடிக்கும். எடை பதினொரு கிராம், கோபம் ஒரு கிலோ. ஒரு நிமிடத்துக்குமேல் திணறினால் மூத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் எழுதாத விதி. வெட்கப்பட இடமில்லை.

எடுத்த பறவை சுருக்குக் கயிறு வைத்த பருத்திப் பையில் போகும். பைக்கு ஒன்று. இருட்டில் அவை அடங்கிவிடும். நீள்வால் சிட்டுகள் மட்டும் குடும்பமாக விழும். அவற்றை ஒன்றாகவே வேலை முடித்து ஒரே நேரத்தில் விடுவோம். தனியாக விட்டால் கூட்டத்தைத் தேடி அலையும்.

மடக்கு மேசையில் அடுத்த கட்டம். எங்கள் கணக்கெழுத்தாளர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். பறவையைத் தொட மாட்டார், "எனக்குக் கை நடுங்குது தம்பி" என்பார். ஆனால் அவர் எழுதும் படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. "வளைய எண்ணை ரெண்டு தரம் சொல்லு. வயசு மூண்டோ நாலோ? முணுமுணுக்காதை, தெளிவாச் சொல்லு."

வளையம் என்பது அலுமினியத் துண்டு, எடை மிகச் சொற்பம். அதில் ஓர் எண்ணும் கண்டெடுப்பவர் தெரிவிப்பதற்கான விலாசமும் இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வைத்து, முதுகு உள்ளங்கையில் படும்படி பிடித்தால் கால் வாகாக வெளியே நிற்கும். துளையிட்ட பிளையரில் வளையத்தை வைத்து இரண்டு அழுத்தில் மூடுவோம். விளிம்புகள் நேராகச் சந்தித்திருக்கின்றனவா, காலில் தடையில்லாமல் மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடைவெளி விட்டால் அதில் நார் மாட்டும்.

அப்புறம் வயது. ஐரோப்பா முழுக்க ஒரே குறியீடு: 3 என்றால் இந்த ஆண்டு பொரித்தது, 4 என்றால் அதற்கு முந்தியது, எந்த ஆண்டு என்று சொல்ல முடியாதது. 5 போன ஆண்டுக் குஞ்சு, 6 அதற்கும் மூத்தது. நாணல் கதிர்க்குருவி ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தில் இறகு முழுவதையும் மாற்றிக்கொண்டு வருவதால், இங்கு வரும்போது ஒரு வயதும் ஆறு வயதும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வளர்ந்தது எதுவானாலும் 4. ஜூலையில் குஞ்சுகள் வரத் தொடங்கியதும் அலகை மெல்லத் திறந்து நாக்கைப் பார்ப்போம். குஞ்சின் நாக்கில் இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். கண்ணின் பாவை வளையமும் அதற்குச் சாம்பல் கறுப்பு. வளர்ந்ததற்கு ஆலிவ் பழுப்பு. இறகைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குஞ்சின் இறகு புதுசு. தாய் தகப்பனின் இறகு நாணலில் உரசி உரசி நுனி நைந்திருக்கும்.

ஆணா பெண்ணா என்பதில் இந்த இனம் கொஞ்சம் ஏமாற்றும். அடைகாக்கும் பறவைக்கு வயிற்றில் இறகு உதிர்ந்து ரத்த நாளங்கள் புடைத்த தோல் தெரியும். பல இனங்களில் அது பெண்ணின் அடையாளம். இங்கே ஆணும் அடையில் உட்காரும், அதற்கும் வயிறு ஓரளவு வெறுமையாகும். ஆகவே கழிவாயின் புடைப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறோம். வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கும்போதே கழுத்துக்குழியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்புக்கும் மதிப்பெண் போடலாம்.

இறக்கையை அளவுகோலில் வைத்து நீட்டினால் 66 மில்லிமீட்டர் போல வரும். எடை பார்க்க, பழைய புகைப்பட ஃபிலிம் டப்பாவில் தலைகீழாக நுழைத்துத் தராசில் வைப்போம். பெரும்பாலும் 11, 12 கிராம். டப்பாவைச் சாய்த்தால் பறந்துவிடும். பையிலிருந்து எடுத்ததிலிருந்து இதுவரை ஒன்றிரண்டு நிமிடம்.

எனக்குப் பிடித்தது செட்டிக் கதிர்க்குருவி. 1970களில்தான் இந்த நாட்டில் கூடு கட்டத் தொடங்கியது, இப்போது கென்னட் கரை முழுக்க அதன் அதட்டல். ஆண் பெண்ணைவிடத் தெளிவாகப் பெரிது, அளவுகோலே பால் சொல்லிவிடும். சிறு பறவைகளில் வழக்கமாக வாலிறகு 12 இருக்கும், இதற்கு 10. எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர்கள் உண்டு. மீன்கொத்தி எப்போதாவது விழும். கையில் வந்ததும் செத்ததுபோல் துவண்டு கிடக்கும், மீன் நாற்றம் விரலை விட்டுப் போகாது. கீழலகு செம்மஞ்சளாக இருந்தால் பெண்.

இத்தனைக்கும் நடுவே உண்மையான சரக்கு, காலில் ஏற்கெனவே வளையத்தோடு திரும்பி வரும் பறவைதான். புதுப் பறவைக்கு வளையம் மாட்டுவது விதை ஊன்றுவதோடு சரி. போன மேயில் இதே சந்தில் பிடித்த நாணல் கதிர்க்குருவி இந்த மேயில் இரண்டு கம்பம் தள்ளி விழுகிறது என்றால், நடுவில் அது சகாராவைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறது என்று பொருள். சராசரியாக அவை ஒன்றிரண்டு ஆண்டுதான் பிழைக்கும். ஆனால் 12 ஆண்டைத் தாண்டியதும் வளையக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. கடந்த ஆண்டு வந்த வளர்ந்த பறவைகளில் எத்தனை மறுபடி வந்தன என்பதிலிருந்து உயிர்பிழைப்பு விகிதம் கிடைக்கிறது. குஞ்சுகளுக்கும் வளர்ந்தவற்றுக்கும் உள்ள விகிதம் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்று சொல்லும். பறவை குறைகிறது என்றால் இங்கே குஞ்சு பொரிக்காமல் குறைகிறதா, அங்கே வறட்சியில் மடிந்து குறைகிறதா என்று பிரித்துப் பார்க்க இந்த இரண்டு எண்களும் வேண்டும். வலையைத் தோன்றிய இடத்தில் கட்டியிருந்தால் இரண்டுமே கிடைக்காது. வாத்தியார் சொன்ன குப்பைக் கணக்கு எனக்குப் புரிய இரண்டாவது கோடை வரை ஆயிற்று.

எப்போதாவது விலாசம் வேறு ஊராக இருக்கும். பிரஸ்ஸல்ஸ் என்று பொறித்த வளையத்தோடு ஒரு கதிர்க்குருவி எங்கள் வலைக்கு வந்தபோது அண்ணை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தொடவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எண்ணைத் தானே படித்தார்.

ஜூலை முதல் பாதியில் ஒரு நாள் வேலை தலைகீழாகிவிடும். கனடா வாத்துகள் பறக்கும் இறகு அத்தனையையும் ஒரே நேரத்தில் உதிர்த்து மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் இருக்கும் காலம் அது. சிறு படகுகளில் பின்னாலிருந்து மெதுவாகத் துரத்திக் கரையில் தட்டி வைத்து அடைத்த பட்டிக்குள் ஏற்றுவோம். துடுப்பை வேகமாகப் போட்டால் கூட்டம் சிதறி மூழ்கித் தப்பிவிடும். மாடு ஓட்டத் தெரிந்தவன் நன்றாகச் செய்வான். வாத்தை இறக்கை மடித்து அக்குளில் இடுக்கி, தலையைப் பின்பக்கமாக விட்டால் எச்சம் முன்னால் விழும், நம்மேல் படாது. குஞ்சுகளைக் குடும்பம் கலையாதபடி எல்லாவற்றையும் ஒன்றாக நீரில் விட வேண்டும். இரண்டாம் சார்லஸ் காலத்தில் லண்டன் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இனம் இது, இன்று பலருக்குத் தொல்லை. தொல்லைக்கு எதற்கு வளையம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: யார்க்‌ஷயரில் வளையமிட்ட கனடா வாத்துகள் இறகு உதிர்க்கவென்றே ஸ்காட்லாந்தின் பியூலி கழிமுகம் வரை போய்வருகின்றன என்பது வளையத்தால் தெரிந்ததுதான். பூங்காவில் ரொட்டி தின்னும் பறவை என்று இருந்துவிட்டிருந்தோம்.

பறவைக்கு இதனால் கெடுதல் இல்லையா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். காயப்படுபவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுழியம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்றைக் குறைக்கத்தான் பயிற்சி, சுற்று, மழைக்கு வலை சுருட்டுவது எல்லாம். வெறும் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பறவையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

ஆகஸ்டில் நாணலில் அசுவினிப் பூச்சி பெருகும். அதைத் தின்று கோரைக் கதிர்க்குருவி கொழுக்கும். மே மாதம் பத்து, பதினொரு கிராம் இருந்தது இப்போது பதினேழு பதினெட்டு. வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பு, தசையே தெரியாது. சகாராவை ஒரே மூச்சில் கடக்க அதுதான் எண்ணெய். கடைசி முறை முடிந்ததும் கம்பங்களைப் பிடுங்கி, வலைகளை வீட்டுக் கொட்டகையில் உலர்த்துவோம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். மான் போட்ட ஓட்டைகளை மெல்லிய நைலான் நூலால் கண் கண்ணாகத் தைக்கிறேன். வேதாரண்யத்துப் பக்கம் வலை பின்னுபவர்களைப் பார்த்து வளர்ந்ததில் எனக்கு மிஞ்சிய ஒரே தொழில் அது.

அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சேதி புதிதல்ல. கோடியக்கரை உப்பளங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. சலீம் அலி தொடங்கிவைத்த வலசை ஆய்வு 1959லிருந்து வருவது. கொசு உள்ளான் சைபீரியாவுக்குப் போகிறது என்று நமக்குச் சொன்னவை அந்த வளையங்களே. கண்ணி வைத்துப் பறவை பிடிக்கத் தெரிந்த பரம்பரை வேட்டைக்காரர்களின் கைத்திறன் அந்த ஆய்வுக்கு முதுகெலும்பாக இருந்தது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுப் பறவையையும் பிடிக்கக் கூடாது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் வலை தேட வேண்டாம்.

வலை இல்லாமல் செய்யக்கூடியது வளையம் படிப்பது. தொலைநோக்கி இருந்தால் போதும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளுக்கு வருகின்றன. பட்டையில் உள்ள எழுத்தும் எண்ணும் தூரத்திலிருந்தே தெரியும். உள்ளான்களின் காலில் வண்ணக் கொடிகள் இருக்கும். பார்த்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள் என்று வரிசை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நாள், இடம், கூட இருந்த பறவைகளின் தோராய எண்ணிக்கை, முடிந்தால் மங்கலான படமானாலும் ஒன்று. பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினால் வளையமிட்டவரிடம் சேர்ப்பார்கள். எண்ணில் ஓர் இலக்கம் தெரியவில்லை என்றால் ஊகித்து நிரப்ப வேண்டாம், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள்.